அல்சேஷன் நாய்க்கு ஒரு சங்கம்

'அல்சேஷன்' என்ற பெயரை அறியாத தமிழர் இல்லம் அரிது. துப்பறியும் போலீஸ் நாய் என்றதும் நம் குழந்தைகளின் மனக்கண்முன் தோன்றுவது நிமிர்ந்த செவியும் தாழ்ந்த வாலும் உடைய அதன் உருவமே. வடநாட்டில் வாழும் நமக்கு அது இன்னும் அண்மையானது. மீரட்டில் நம் ராணுவத்தினரும், குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையினரும் அந்நாயைப் பழக்கி வருகின்றனர். ஆயினும் பிறந்த நாட்டில் அதற்கு அந்தப் பெயர் இல்லை என்பதையும், சிலர் கூடித் தொடங்கிய ஒரு சங்கமே அதனைத் தனி இனமாக நிலைநிறுத்தியது என்பதையும் பலர் அறியார். சங்கம் அமைத்து வாழும் நமக்கு அவ்வரலாறு பயனுடையது. ஆதலின் அதனை இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

வேலியாக நின்ற நாய்

அந்நாயின் தாயகம் ஜெர்மனி. அங்கே பல இடங்களில் பயிர் நிலத்துக்கு வேலி இராது. மந்தை ஒரு வயலின் ஓரமாக மேயும்பொழுது, ஆடுகள் அடுத்த வயலின் பயிரில் வாய் வைக்காதபடி நாய் எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும். நாயே வேலி! சோர்வறியாத கால்களும், ஏவாமலே கடமை அறியும் அறிவும் இல்லாத நாய் இடையனுக்கு உதவாது.

இத்தகைய நாய்கள் வட்டாரத்துக்கு ஒரு விதமாக இருந்தன. துரிங்கியப் பகுதி நாய்களுக்கு நிமிர்ந்த செவியும் ஓநாயைப் போன்ற சாம்பல் நிறமும் இருந்தன. தெற்கே வூர்ட்டெம்பெர்க் நாய்கள் உடல் பருத்தவை. நடை அழகு மிக்கவை. அந்தந்த ஊர் இடையர் தத்தம் தேவைக்கு ஏற்ப வளர்த்தனரேயன்றி, எல்லாவற்றையும் ஒருங்கே பதிந்து வைக்கும் ஏடு ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழிற்சாலைகள் பெருகின, கடல் கடந்த நாடுகளின் கம்பளி மலிவாக வந்து குவிந்தது, மந்தைகள் குறைந்தன. மந்தை போனால் நாய்க்கு ஏது வேலை? வேலை போனால் அந்த வித்தையும் போய்விடும் அன்றோ?

முதல் முயற்சி

இதனை உணர்ந்த சிலர் 1891-ஆம் ஆண்டில் 'பிலாக்ஸ்' என்ற சங்கத்தை நிறுவினர். ஆனால் நாயின் தோற்றமே பெரிது என்பார் ஒரு சாராரும், தொழிலே பெரிது என்பார் மற்றொரு சாராருமாக அங்கத்தினர் பிரிந்து நின்றனர். 1894-இல் அச்சங்கம் கலைந்தது. நோக்கம் ஒன்றுபடாத சங்கத்துக்கு மூன்று ஆண்டு ஆயுளே மிகுதி போலும்!

கார்ல்ஸ்ரூஹேயில் கூடியவர்கள்

பிலாக்ஸ் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தவர் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப்படைத் தலைவர். 1864-இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த அவர், பெர்லின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிப் பிராணிகளின் உடலமைப்பை நன்கு அறிந்தவர். படையை விட்டு விலகியபின் 1899-இல் ஒரு நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்ற மந்தை நாயைக் கண்டார். ஓநாய் நிறம், உறுதியான உடல், சொன்னதைக் கேட்கும் குணம் எல்லாம் அதனிடம் பொருந்தியிருந்தன. உடனே அதனை விலைக்கு வாங்கி, 'ஹோரண்ட் ஃபான் கிராஃப்ராத்' எனப் புதுப்பெயர் இட்டார்.

அவ்வாண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி, கார்ல்ஸ்ரூஹே நகரில் ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கம் பிறந்தது. ஸ்டெஃபானிட்ஸ் அதன் முதல் தலைவர் ஆனார். அவரோடும் அவர் நண்பர் ஆர்த்தர் மாயரோடும் சேர்ந்து சங்கத்தை நிறுவியவர்கள் யாவர்? மந்தைத் தலைவர் மூவர், ஆலை முதலாளிகள் இருவர், கட்டடச் சிற்பி ஒருவர், நகரத் தலைவர் ஒருவர், விடுதிக்காரர் ஒருவர், நீதிபதி ஒருவர். ஆட்டின் பின்னே அலைந்தவரும் ஆலை நடத்தியவரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்தனர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

ஏடும் உரைகல்லும்

சங்கம் செய்த முதற்காரியம் ஒரு வம்சப் பதிவேடு திறந்தது. அதில் எண் 1 ஹோரண்டுக்கு உரியதாயிற்று. இரண்டாவது காரியம், உபயோகமும் அறிவுமே இந்நாய்க்கு உரைகல் என்று வகுத்தது. அழகு சோறு போடாது என்பதை அவர்கள் ஐயமற உணர்ந்திருந்தனர். ஊர்தோறும் கிளைகள் எழுந்தன. நாயும் உரிமையாளரும் சேர்ந்து பழகும் மைதானங்கள் அமைந்தன.

மந்தைகள் மேலும் குறைந்தபொழுது, சங்கம் தன் நாய்க்குப் புதுத் தொழில் தேடியது. போலீஸ் பணி கிடைத்தது. முதல் உலக யுத்தத்தில் காயமுற்ற வீரரைத் தேடும் பணியும் கிடைத்தது. அந்த யுத்தத்தில் கண் இழந்தோருக்கு வழிகாட்ட நாய் பழக்கும் பள்ளி 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கியது.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஹோரண்டின் வழித்தோன்றல்களையே மீண்டும் மீண்டும் கூட்டியதால் இனத்தின் குணங்கள் விரைவில் நிலைத்தன. அதோடு உறவு நெருக்கத்தால் விளையும் நோய்களும் நிலைத்தன. இடுப்பு மூட்டுக் கோளாறு அவற்றுள் ஒன்று. 1966-இல் இடுப்பைப் படம் பிடித்துச் சான்று வழங்கும் முறையைச் சங்கமே ஏற்படுத்தியது. ஏட்டில் பெற்றோர் பெயர் இருந்ததால், நோய் எவ்வழி வந்தது என்று தேடவும் முடிந்தது.

பெயர் போனாலும்

இனி அல்சேஷன் என்ற பெயருக்கு வருவோம். முதல் உலக யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் 'ஜெர்மன்' என்ற சொல்லே வெறுப்பூட்டியது. ஆதலால் அங்குள்ளோர் அந்நாய்க்கு எல்லைப்புற மாகாணமான அல்சேஸின் பெயரைச் சூட்டினர். அப்பெயரே ஆங்கிலேயர் வழியே நம்மிடமும் வந்தது. இங்கிலாந்துச் சங்கத்தார் பழைய பெயரை மீண்டும் ஏற்றது 1977-இல்தான். இத்தனை ஆண்டும் அந்நிய மண்ணில் வேற்றுப் பெயரோடு வாழ்ந்தும், இன்ன நாயின் மகன், இன்ன நாயின் பேரன் என்ற வரலாறு அதற்கு அழியவில்லை. அதனைக் காத்தது பதிவேடு.

ஸ்டெஃபானிட்ஸ் 1935 வரை தலைமை வகித்தார். 1936-இல், சங்கம் பிறந்த அதே ஏப்ரல் 22-ஆம் தேதியில் மறைந்தார். அவர் மறைந்தும் சங்கம் மறையவில்லை. இன்று ஆக்ஸ்பர்க் நகரைத் தலைமை இடமாகக் கொண்டு நடைபெறுகிறது.

பிறந்த ஊரை விட்டு வந்த நம் குடும்பங்களிலும் பெயர்கள் சுருங்குகின்றன, முன்னெழுத்துகள் உருமாறுகின்றன, தாத்தாவின் ஊரைப் பேரன் அறிவதில்லை. ஒரு நாயின் முன்னோரை எழுதி வைக்க ஒரு சங்கம் இத்துணை பாடுபட்டதெனில், நம் பிள்ளைகளுக்கென நாம் ஒரு நோட்டுப் புத்தகமேனும் திறக்கலாகாதா? நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் இதனைச் சிந்திப்பாராக.