மெட்ரோவின் வெற்றி பேருந்தின் கையில்

மாதவரம்–சிறுசேரி சிப்காட், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி, மாதவரம்–சோழிங்கநல்லூர் ஆகிய 3 வழித்தடங்களில் 118.9 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு, 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது குறிப்பிடப்பட்ட மதிப்பீடு ரூ.63,246 கோடி. இத்தனை பெரும் பொதுப்பணத்தில் உருவாகும் தடம் யாருக்கு, எந்த அளவுக்குப் பயன்படும் என்பது, வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலும் நிலையத்துக்கும் பணியிடத்துக்கும் இடையிலும் உள்ள ஓரிரு கிலோமீட்டரை மக்கள் எவ்வாறு கடக்கப்போகிறார்கள் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

தடம் எவ்வாறு தேர்வாகிறது?

மக்கள் எங்கிருந்து எங்கே, எந்நேரத்தில், எதில் பயணிக்கிறார்கள் என்ற கணக்கெடுப்பே திட்டமிடலின் முதற்படி. அதைக் கொண்டு, நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் எத்தனை பேர் செல்வார்கள் என்று கணிக்கப்படுகிறது; ‘உச்ச நேரத் தேவை’ எனப்படும் இந்த எண்ணை வைத்துத்தான் ஒரு சாலைக்குப் பேருந்தே போதுமா, மெட்ரோ வேண்டுமா என்று முடிவு செய்ய இயலும். மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, இவ்வாறு மாற்று வழிகளை ஒப்பிடுவதைக் கட்டாயமாக்கியதோடு, ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 5 கி.மீ. வரையிலான பகுதிகளை இணைப்புப் பேருந்துகள், நடைபாதைகள், மிதிவண்டிப் பாதைகள் ஆகியவற்றால் நிலையத்துடன் இணைக்கும் ஏற்பாடு திட்ட அறிக்கையிலேயே இடம்பெற வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது.

பறக்கும் ரயிலின் பாடம்

இந்த வலியுறுத்தலின் தேவையைச் சென்னை தன் அனுபவத்திலேயே அறிந்திருக்கிறது. 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் இடையே தொடங்கி, 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டிய பறக்கும் ரயில், பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே அமைந்தது. கால்வாயோரத்தைத் தேர்ந்ததால் நகரின் நடுவே நிலம் கையகப்படுத்தும் சிக்கல் குறைந்தது. ஆனால் பல நிலையங்கள் முதன்மைச் சாலைகளிலிருந்தும் பேருந்து நிறுத்தங்களிலிருந்தும் விலகி நின்றதால், நெரிசல் மிகுந்த பகுதிகளின் ஊடே ஓடியும் அந்த ரயில் நெடுங்காலம் அதன் கொள்திறனுக்கு உரிய பயணிகளைப் பெறவில்லை.

பேருந்துத் தடங்களை மாற்றி வரைதல்

புதிய தடம் வரும்போது, சுற்றியுள்ள பேருந்துத் தடங்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மெட்ரோவைக் குறுக்கே கடப்பவை நிலைய வாசலில் நின்று செல்லுமாறு திருத்தப்பட வேண்டும். உட்புறக் குடியிருப்புகளை நிலையத்தோடு இணைக்கும் குறுந்தடங்கள், குறுகலான தெருக்களில் நுழையக்கூடிய சிற்றுந்துகளைக் கொண்டு புதிதாகத் தொடங்கப்பட வேண்டும். மெட்ரோவுக்கு இணையாக அதே சாலையில் ஓடுபவற்றில் ஒரு பகுதியை மட்டும் இந்தக் குறுந்தடங்களுக்குத் திருப்பலாம்.

மூன்றாவது வகையில்தான் மிகுந்த கவனம் தேவை. மெட்ரோ நிலையங்கள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக அமைய, பேருந்து அதைவிட நெருக்கமான இடைவெளிகளில் நிற்கிறது என்பதால், முதியோருக்கும் குறுந்தொலைவு செல்வோருக்கும் அதன் சேவை தொடர வேண்டும். மேலும், தமிழகத்தில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். அத்தகைய நேரடிப் பேருந்தை நிறுத்திவிட்டு மெட்ரோவுக்கு மாறச் சொன்னால், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இலவசமாக இருந்த பயணம் அன்றாடச் செலவாகிவிடும்.

வண்டி மாறுவதைப் பயணிகள் ஏற்பதும் மறுப்பதும் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து என்றால் சராசரிக் காத்திருப்பு 10 நிமிடம்; 6 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 3 நிமிடம். வெயிலிலும் மழையிலும் நிற்கும் நிமிடம், வண்டிக்குள் கழியும் நிமிடத்தைவிடப் பயணியின் மனத்தில் நீளமானது என்பதால், போக்குவரத்துக் கணிப்புகளிலும் காத்திருப்பு நேரத்துக்குக் கூடுதல் எடை தரப்படுகிறது. ஆகவே அரிதாக வரும் பல தடங்களைவிட, அடிக்கடி வரும் சில தடங்களே நிலையங்களுக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

பொறுப்பு யாருடையது?

மெட்ரோ ஒரு நிறுவனத்திடமும் பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்திடமும் நடைபாதை மாநகராட்சியிடமும் இருப்பதால், இவற்றை ஒருங்கிணைக்கும் நோக்கத்துடன் 2010இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ‘கும்டா’ எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைந்தது. ஆயினும் அதன் முதல் கூட்டம் 2022 நவம்பரில்தான் நடைபெற்றது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே செயலியில் பயணச்சீட்டு பெறும் ‘சென்னை ஒன்று’ வசதி 2025 செப்டம்பரில் அறிமுகமானது நல்ல முன்னேற்றம். பயணச்சீட்டு ஒன்றானதைப் போலவே கால அட்டவணையும் தட வரைபடமும் ஒன்றாக வேண்டும்.

மெட்ரோ தடம் ஒன்றை அமைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அமைத்த பின் அதை நகர்த்த இயலாது. பேருந்துத் தடத்தையோ சில மாதங்களில் மாற்றி, குறை கண்டால் மீண்டும் திருத்த முடியும். அதனால்தான், இணைப்புப் பேருந்துகளின் தடங்களும் எண்ணிக்கையும் அவற்றுக்கான நிதியும் திட்ட அறிக்கை நிலையிலேயே முடிவாகி, முதல் ரயில் புறப்படும் நாளிலேயே அந்தப் பேருந்துகளும் நிலைய வாசலில் நிற்க வேண்டும். முதல் சில மாதங்களில் பேருந்து கிடைக்காமல் இருசக்கர வாகனம் வாங்கிவிட்டவரைப் பின்னர் பொதுப் போக்குவரத்துக்குத் திருப்புவது மிகக் கடினம்.