உங்கள் கார் ஆயில் குடிக்கிறதா? எக்ஸெல்லைக் கேளுங்கள்!

என் டர்போ பெட்ரோல் கார் ஆயில் குடிக்கிறது என்றேன். "சகஜம் சார்" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை சில தயாரிப்பாளர்களே அனுமதிக்கிறார்கள். அதைத் தாண்டினால் பிஸ்டன் ரிங், டர்போ சீல் மீது சந்தேகம் வர வேண்டும். அமெரிக்காவில் 2009-2011 மாடல் ஆடி ஏ4 கார்களில் இதே புகார் வழக்கானது.

எக்ஸெல்லில் தேதி, கி.மீ., ஊற்றிய ஆயில் மி.லி. என மூன்று நெட்டு வரிசைகள் அமைத்தேன். ஆயிலை ஓடிய தூரத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்கும் ஃபார்முலா நான்காவதில். திருத்தணி மலைச்சாலைச் சரிவில் டிப்ஸ்டிக் தவறான அளவு காட்டும்; வீட்டுச் சமதளத்தில், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் மேல் கோடு வரை ஊற்றினேன்.

200, 350, 620 என ஏறியது. பிரிண்ட் எடுத்துக் காட்டினேன்; வாரண்டியிலேயே ரிங் மாற்றித் தந்தார்கள். நீங்களும் இன்றே ஒரு ஷீட் தொடங்குங்கள்.