மணிமேடையில் ஹேங் ஆன கணினி

2000-ஆம் ஆண்டையொட்டி நாகர்கோவில் மணிமேடைப் பக்கமும் வடசேரிப் பக்கமும் பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. தடுப்புப் பலகைக்குள் ஒரு விண்டோஸ் 98 கணினி. நினைவகம் 32 எம்பி, வசதியான கடையில் 64. வளைகுடாவில் இருக்கும் அண்ணனுக்கு மெயில் எழுதி முடிப்பதற்குள், "அண்ணே, சிஸ்டம் ஹேங் ஆயிட்டு" என்று ஒரு குரல் எழும்.

பிழை கடைக்காரருடையதல்ல. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு பின்னி வைத்திருந்தது. கோப்புகளைக் காட்டுவதற்கும் இணையத்தைக் காட்டுவதற்கும் உள்ளே பெரும்பாலும் ஒரே நிரல்கள்தான். ஒரு பக்கம் சிக்கினால் டாஸ்க்பார் உட்பட மொத்தத் திரையும் உறைந்துவிடக்கூடும். இந்தப் பிணைப்பு போட்டியை நசுக்குகிறது என்றுதான் அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குத் தொடுத்தது.

2008 செப்டம்பரில் வந்த கூகுளின் குரோம் பிரௌசர் வேறு வழி பிடித்தது. டேப்களைத் தனித்தனி இயக்கங்களாகப் பிரித்ததால், ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும். அந்த நிம்மதிக்கு விலை நினைவகம். 2018-இல் ஸ்பெக்டர் என்ற சில்லுக் குறைபாட்டுக்கு அஞ்சித் தளங்களையும் தனித்தனியே அடைத்தார்கள். அதற்கே 10 முதல் 13 விழுக்காடு நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்று கூகுளே சொன்னது.

பழைய நோயும் முழுக்க ஒழியவில்லை. ஆண்ட்ராய்டில் பல செயலிகள் வெப்வியூ என்ற பொதுவான பிரௌசர் பாகத்தை நம்பியிருக்கின்றன. 2021 மார்ச்சில் அதில் ஒரு பழுது ஏற்பட்டதும் ஜிமெயில் உட்பட எத்தனையோ செயலிகள் உலகெங்கும் மூடிக்கொண்டன.

என்னை உறுத்துவது வேறு. தமிழக அரசு மாணவர்களுக்காக 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி நினைவகமும் விண்டோஸ் 7-உம் கொண்டவை. மணிமேடைக் கணினியைவிட முப்பது மடங்குக்கு மேல் நினைவகம். இன்று நாலு டேப் திறந்தாலே திணறும். 2023-இல் விண்டோஸ் 7-க்குப் புதிய குரோமும் நின்றுபோனது. கருவி கெடவில்லை, பிரௌசர் வளர்ந்துவிட்டது. ஆனால் தமிழகத்தில் பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடக்கிறது. சான்றிதழ்களுக்கும் இணையமே வாசல். அந்தத் தளங்களை அமைப்பவர்கள், வெளியிடும் முன் 2 ஜிபி கணினியில் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.