பதம் சொல்லித் தந்தவர்கள்

தஞ்சாவூர் என்றதும் பெரிய கோயில் நினைவுக்கு வரும். அடுத்தபடியாகத் தலையாட்டிப் பொம்மையும் வீணையும் வரும். அவற்றோடு, பூஜை அறையில் தங்கம் மின்ன மாட்டியிருக்கும் சாமி படமும் நினைவுக்கு வரத்தான் செய்யும். வெண்ணெய்த் தாழியை அணைத்தபடி கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கும் கண்ணனைப் பார்த்ததும் பெரியவர்களின் கைகள் தாமாகவே குவிகின்றன.

பார்ப்பவர்களுடைய கண் படத்திலுள்ள தங்கத்தின்மேல் போகிறது. சித்திரம் எழுதுகிறவர்களுடைய கவலையோ தங்கத்துக்கு அடியில் இருக்கும் 'மக்கு' பற்றியது. மணிமுடி, மாலை, மண்டபத் தூண் இவையெல்லாம் பலகையிலிருந்து மேடாக எழும்பி நிற்பதற்குக் காரணம் அந்த மக்குதான். சுண்ணப் பொடியும் கோந்தும் சேர்த்துக் குழைத்த சாதாரணக் குழம்பு அது. அதன் பதம் தவறினால் மேலே ஒட்டிய தங்கம் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் பயன் இல்லை.

அளவைப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். பதத்தை எழுதி வைக்க முடியுமா? பக்கத்தில் ஒருவர் இருந்து, "இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு, போதும், இதுதான்" என்று சொன்னால்தான் அது பிடிபடும். இந்தக் கலை இன்றும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், அப்படிச் சொல்லிக் கொடுக்கச் சிலர் மனம் வைத்ததுதான்.

பலகையில் தொடங்கும் வேலை

தஞ்சாவூர்ப் படத்துக்குப் 'பலகைப் படம்' என்றே ஒரு பெயர் உண்டு. முன்னாளில் பலா, தேக்கு மரப் பலகைகளில் எழுதினார்கள். இப்போது பெரும்பாலும் பிளைவுட் பலகைதான். பலகைமேல் அட்டையும் அதன்மேல் காடாத் துணியும் சுருக்கமின்றி ஒட்டப்படும். புளியங்கொட்டைப் பசையில் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக. துணிமேல் சுண்ணப் பூச்சு பூசி, உலர்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள்.

அதன் பிறகே உருவம் வரையப்படும். நகைகள் வரும் இடங்களில் ஜெய்ப்பூர்க் கற்களைப் பதிக்கிறார்கள். கற்களைச் சுற்றி மக்கு வைத்து மேடு எழுப்புகிறார்கள். மேட்டின்மேல் 22 காரட் தங்க ரேக்கு ஒட்டப்படுகிறது. வர்ணம் தீட்டுவது இவற்றுக்கெல்லாம் பிறகு. முகமும் கண்ணும் எழுதி முடித்தால் படம் உயிர் பெற்றுவிடும்.

மைசூர்ப் படங்களிலும் தங்கமும் மக்கும் உண்டு. ஆனால் அங்கே மக்கு மெல்லியதாக இருக்கும். தஞ்சாவூரில் மேடு கனமானது. மேடு கனமாக இருக்குமிடத்தில் வெடிப்பு விழும் ஆபத்தும் அதிகம் அல்லவா?

அரண்மனை ஆதரவு போனபின்

நாயக்க மன்னர்கள் காலத்தில் வேரூன்றிய இக்கலை மராத்திய மன்னர்களின் ஆதரவில் தழைத்தது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி கலைக்கும் கல்விக்கும் செய்த பணி உலகறிந்தது. தஞ்சையில் ராஜு வகுப்பினரும், மதுரைப் பக்கத்தில் நாயுடு வகுப்பினரும் பரம்பரையாக இத்தொழிலைச் செய்து வந்தார்கள். தகப்பன் மகனுக்குச் சொல்லித் தருவான், வெளியாருக்குச் சொல்லமாட்டான். அதைக் குறையென்று சொல்லிவிட முடியாது. தொழிலின் சூட்சுமம்தான் அந்தக் குடும்பத்தின் சோறு.

1855-ல் கடைசி மராத்திய மன்னர் சிவாஜி வாரிசின்றி மறைந்தார். அரண்மனை ஆதரவு நின்றது. சித்திரக்காரர்களில் பலர் கிழக்கிந்தியக் கம்பெனி துரைமார்களுக்காக, பலதரப்பட்ட தொழிலாளர்களையும் திருவிழாக்களையும் காகிதத்திலும் அபிரகத் தகட்டிலும் முன்பே எழுதிப் பழகியிருந்தார்கள். நாளடைவில் அந்தச் சந்தையும் ஓய்ந்தது. 1894-ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கிய பிறகு, சாமி படங்கள் மலிவு விலையில் வீடு வீடாகப் புகுந்தன. மாதக்கணக்கில் உழைத்து எழுதும் பலகைப் படத்துக்கு ஆள் குறைந்தது.

தொழில் நசித்த காலத்தில் பிள்ளைகள் வேறு வேலை தேடிப் போவது இயல்பு. மகன் கற்காத வீட்டில், தகப்பன் அறிந்திருந்த பதம் அவரோடு போயிற்று. சோற்றைக் காப்பாற்றிய அதே ரகசியம் இப்போது கலையின் கழுத்தை இறுக்கியது.

கதவு திறந்தது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் நிலைமை மாறியது. பழைய படங்களை ரசிகர்கள் தேடி வாங்கினார்கள். கைவினைஞர்களுக்கு அரசு விருதுகளும் கண்காட்சிகளும் ஊக்கம் அளித்தன. இவற்றுக்கெல்லாம் மேலான மாறுதல் ஒன்று உண்டு: வெளியாருக்கும் கற்றுத் தரும் வகுப்புகள் தோன்றின. தஞ்சையிலும் கும்பகோணத்திலும் சென்னையிலும் குடும்பத் தலைவிகள், கல்லூரி மாணவிகள், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் எனப் பலரும் தூரிகை பிடித்தார்கள்.

அடுக்களை அனுபவம் உள்ள பெண்களுக்குப் பதம் என்ற சொல்லைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. இட்லி மாவுக்கும் தோசை மாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்த கை, மக்கின் பதத்தையும் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறது.

குறை சொல்வதும் உதவியே

புதிதாகக் கற்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மக்கு ஏன் வெடிக்கிறது? கோந்து மிஞ்சியிருக்கலாம், ஒரே தடவையில் கனமாக வைத்திருக்கலாம், அவசரப்பட்டு வெயிலில் காயவைத்திருக்கலாம். மெல்லிய பூச்சாக வைத்து, நிழலில் உலரவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். தொட்டால் பொடியாக உதிர்கிறதா? கோந்து போதவில்லை. வரம்பு கலங்கி வழிகிறதா? தண்ணீர் அதிகம்.

டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை மழை வேறொரு சோதனை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் பூச்சு உலர நாள் பிடிக்கும். உலர்வதற்குள் அடுத்த பூச்சைப் போட்டால் உள்ளே ஈரம் தங்கும். துணியில் பூஞ்சை படரும். முடிந்த படத்தையும் ஓதம் ஏறும் சுவரோடு ஒட்ட மாட்டக்கூடாது. தங்க ரேக்கு ஒட்டும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இவையெல்லாம் அற்ப விஷயங்கள்போலத் தோன்றும். ஆனால் இவற்றில் ஒன்று தெரியாமல் பல நாள் உழைப்பு பாழானவர்களுக்கு இவற்றின் அருமை தெரியும்.

தங்கம் விலை உயர்ந்த பொருள். வீணாகிவிடுமே என்ற பயத்தில் கை நடுங்குகிறவர்கள் உண்டு. கழிவுப் பலகைத் துண்டில் மக்கு வைத்துப் பழகு, முதல் படத்தைச் சிறிதாகவும் நகை குறைவாகவும் எடுத்துக்கொள் என்று ஒருவர் சொன்னால் அந்தப் பயம் பாதி தீரும். "நன்றாயிருக்கிறது" என்ற வெறும் புகழ்ச்சியைவிட, "முகம் நன்றாக வந்திருக்கிறது, தூண்களில் மேடு சமமாக இல்லை, இப்படிச் செய்து பார்" என்ற சொல்லே கற்பவரைக் கைதூக்கி விடுகிறது. இன்று கைபேசியில் படம் பிடித்து அனுப்பிக் கடல் கடந்தும் யோசனை கேட்க முடிகிறது. கருவி புதிது, கேட்பதும் சொல்வதும் பழைய வழக்கம்தான்.

போலியும் அசலும்

கதவைத் திறந்ததால் போலியும் புகுந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தங்கத்துக்குப் பதில் மினுக்குத் தகட்டை ஒட்டி விற்கும் படங்கள் சந்தையில் இருக்கின்றன. நாளாவட்டத்தில் அவை மங்கிவிடும். தஞ்சாவூர்ப் படத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது பெயரைக் காக்கும் ஒரு வேலி.

வேலி மட்டும் போதுமா? அசல் எப்படி உருவாகிறது என்பதை அறிந்தவர்கள் பெருகினால்தான் போலியை இனம் காண முடியும். ஒரு படத்தையாவது தம் கையால் எழுதிப் பார்த்தவர், நல்ல படத்துக்கு நியாயமான விலை கொடுக்கத் தயங்கமாட்டார். ஆகவே கற்றுக் கொடுப்பவர் போட்டிக்காரரை மட்டும் உண்டாக்குவதில்லை. தம் தொழிலின் அருமை அறிந்த ரசிகரையும் உண்டாக்குகிறார்.

காவிரிக் கரை விவசாயிக்கு இது தெரியாததல்ல. நாற்றங்காலிலேயே நெருங்கி நிற்கும் நாற்று நல்ல விளைச்சல் தராது. பிடுங்கி, விரிந்த வயலில் இடைவெளி விட்டு நட்டால்தான் தூர் கட்டும், கதிர் தள்ளும். சில வீடுகளின் நாற்றங்காலில் வளர்ந்த தஞ்சாவூர்ச் சித்திரக் கலையும் இன்று பல வயல்களில் வேர் பிடித்து நிற்கிறது. பதம் சொல்லித் தந்தவர்களுக்குத் தமிழ்நாடு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.