மெயில் சர்வருக்கு சான் வேணுமா?

மெயில் சர்வர்னாலே சான் வாங்கணும், அதாவது பல சர்வர்கள் நெட்வொர்க் வழியா பகிர்ந்துக்கிற டிஸ்க் பெட்டி. எக்ஸ்சேஞ்ச் 2003 காலத்தில் இது நியாயம்தான். தரவுத்தளத்தை 4 கேபி பக்கங்களாக, சிதறிச் சிதறிப் படிக்கும். ஹார்டு டிஸ்க்கின் ஹெட் ஓடியே களைச்சுடும். எக்ஸ்சேஞ்ச் 2010 பக்கத்தை 32 கேபி ஆக்கி, படிப்பதைச் சீராக்கியது. கூடவே டிஏஜி வந்தது: ஒரே தரவுத்தளத்தின் நகல்கள் வெவ்வேறு சர்வர்களில். மூணு நகல் இருந்தா, ரெய்டு இல்லாம, சர்வரோடு நேரடியா இணைத்த சாதா டிஸ்க்கே போதும்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு.

சான்ல எத்தனை நகல் வெச்சாலும் பெட்டி ஒண்ணுன்னா, அது படுத்தா எல்லாமே படுக்கும். விலை வேற! ஆனா உங்க ஆபீஸ்ல ஒரே சர்வர்தான்னா, ரெய்டு இல்லாத டிஸ்க்கை நம்பாதீங்க. என்எஃப்எஸ் நாஸ்ல தரவுத்தளத்தை வைக்கவே வைக்காதீங்க. எக்ஸ்சேஞ்சுக்கு அதில் ஆதரவே கிடையாது.