சங்கிலி, மருந்து, சொல்

“காத்துக் கருப்பு அண்டிருச்சு தம்பி, ஏர்வாடிக்குத்தான் கூட்டிட்டுப் போவணும்” என்றார் உப்பூரில் ஒரு தாய். மருத்துவச் சொல்லாடல் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறது. அப்புறம் அவர் டாக்டரிடம் வாயே திறப்பதில்லை.

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகமொன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அரசு காப்பகங்களை மூடியது. தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருவது நிற்கவில்லை. அவர்களின் துயரத்திற்கு அங்கேதான் ஒரு சொல் இருந்தது.

குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்காவில் தொடங்கி ஏர்வாடிக்கும் வந்த ‘தவா – துவா’ முறை இதை உணர்ந்தது: பிரார்த்தனையைத் தடுக்காமல் பக்கத்திலேயே மருந்து. சங்கிலியை மறுக்க வேண்டும். ‘காத்து’ என்ற சொல்லையோ மருத்துவம் நோயாளியின் வாக்குமூலமாக வாசிக்க வேண்டும்.