வணிகவியல் பட்டம் வேலைக்குப் போதுமா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்பதே இப்போது எங்கள் வகுப்பில் ஓயாத பேச்சு. "வணிகவியல் எடு, பி.காம். முடித்தால் வேலை நிச்சயம்" என்பார் பலர். ஆனால் பட்டம் பெற்ற அக்காமார் சிலர் மீண்டும் பணம் கட்டி டாலி வகுப்புக்குச் செல்வதையும் காண்கிறோம். மூன்று ஆண்டுகள் படித்தது போதாதா?

பி.காம். படிப்பின் உயிர்நாடி இரட்டைப் பதிவு முறை. வெனிஸ் வணிகர்கள் கையாண்ட அம்முறையை 1494-இல் அச்சு நூலில் விளக்கியவர் லூக்கா பச்சோலி. அவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்பது நம் கன்னியர்களுக்கு மகிழ்ச்சி தரும்! ஒவ்வொரு பற்றுக்கும் சமமான வரவு உண்டு என்ற விதிக்கு இன்றைய கணிப்பொறியும் கட்டுப்பட்டதே.

குறை எங்கே? வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எந்தக் காசோலை பணமாகவில்லை, வங்கி எவ்வளவு கட்டணம் பிடித்தது என்பதையெல்லாம் தேர்வுத்தாளில் கேள்வியே சொல்லிவிடும்; கூட்டிக் கழித்தால் மதிப்பெண். அலுவலகத்திலோ நூற்றுக்கணக்கான பதிவுகளுக்கிடையே அந்த வேறுபாட்டைத் தேடிப் பிடிப்பதுதான் வேலையே! ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான். கோவையிலிருந்து சேலத்துக்குச் சரக்கு விற்றால் மத்திய வரி, மாநில வரி என இரண்டு. பாலக்காட்டுக்கு விற்றால் ஒருங்கிணைந்த வரி ஒன்று. படிக்க எளிது. உண்மையான பில் ஒன்றைக்கூடத் தொடாமல் பட்டம் வாங்கியவர் முதல் மாதம் திணறத்தான் செய்வார்.

அதற்காகப் பட்டமே வீண் என்பது தவறு. தமிழ்நாட்டில் 2007-இல் மதிப்புக் கூட்டு வரி வந்தது; 2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. அதன் இடத்தைப் பிடித்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் கற்றவர், இப்படி முறை மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காரணம் அறிந்தவருக்கு அத்தனை துன்பமில்லை. வங்கித் தேர்வுகள் பலவற்றுக்கும் பட்டம் தேவை.

ஆடிட்டர் படிப்பில் ஏடும் தொழிலும் இணைகின்றன. தேர்வுகளோடு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றாக வேண்டும். 2023-க்கு முன் அது மூன்று ஆண்டுகள். பி.காம். படிப்பில் அவ்வளவு நீண்ட பயிற்சி கிடையாது. ஆதலால் கல்லூரியில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்கும் பெற்றோர், "மாணவியரை எத்தனை நாள் அலுவலகப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள்?" என்றும் கேட்கலாமே. விடுமுறையில் தெரிந்த கடையொன்றில் பில்களை அடுக்கிப் பேரேட்டில் ஏற்றிப் பார்க்க நாங்களும் ஆயத்தம், வீட்டில் அனுமதி கிடைத்தால்!